வாங்காத பெட்டி

நாங்கள் அவரை சர்வர் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பெயர் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முதலாளிகூட, "ஏம்மா சர்வரு" என்பார்.

மதுரை சிம்மக்கல்லில் நான் டிசைனராக இருந்த ஃப்ளெக்ஸ் கடையில் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை உண்டு. அலமாரி என்று சொன்னாலும் தப்பில்லை. கடையிலேயே ஏசி இருந்த ஒரே இடம் அதுதான். எங்களுக்கு மின்விசிறி, சர்வர் பெட்டிக்கு ஏசி. அக்கா வந்ததும் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பையை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போவார். அவர் கும்பிடத்தான் செருப்பைக் கழற்றுகிறார் என்று நினைத்த மெஷின் ஆபரேட்டர், ஆயுத பூஜைக்கு அந்தப் பெட்டிக்குச் சந்தனம் வைத்துவிட்டான். "தூசி தம்பி, தூசி. செருப்புல வர்ற தூசி உள்ள போயிரும், அம்புட்டுத்தான்," என்று சொல்லிக்கொண்டே அக்கா ஈரத்துணியால் துடைத்தார். ஆனால் பொட்டை விட்டுவிட்டுச் சுற்றிலும்தான் துடைத்தார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

அவரைக் கூட்டிவந்ததற்கு நாங்கள்தான் காரணம். கல்யாணம், காதுகுத்து, கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி என்று கடையின் எல்லா டிசைன்களும் சர்வரில்தான் இருக்கும். அதே சர்வரில் நாங்கள் பாட்டு, படம், விளையாட்டு, மாமன் வீட்டு விசேஷ வீடியோ எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொட்டியிருந்தோம். ஒரு முகூர்த்த சீசனில் இடம் நிறைந்துபோய் எந்த டிசைனும் சேவ் ஆகவில்லை. முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். தல்லாகுளத்தில் இரண்டு மூன்று ஆபீஸ்களுக்கு கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்த அக்காவை யாரோ சொல்லி வரவழைத்தார்.

வந்தவர் கொஞ்ச நாள் எதையும் செய்யவில்லை. விளாங்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார், பெட்டி முன்னால் உட்கார்ந்து பார்ப்பார், போய்விடுவார். சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார ஓர் ஆள் என்று நாங்கள் கிண்டலடித்தோம். எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று சர்வருக்கு ரூல் போடுவதில் இரண்டு விதம் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. ஒன்று, வருவதை உள்ளே விட்டுவிட்டு யார் எதைப் போடுகிறார்கள் என்று சத்தமில்லாமல் கவனிப்பது. மற்றது, வாசலிலேயே நிறுத்துவது. அக்கா முதலில் கவனித்திருக்கிறார். ஒரு திங்கட்கிழமை நாங்கள் வந்து பார்த்தால் பாட்டு போகவில்லை, படம் போகவில்லை. இழுத்துப் போட்டால் 'சேமிக்க அனுமதி இல்லை' என்று ஒரு சின்னக் கட்டம் வந்து நின்றது. எங்கள் பாஷையில் சொன்னால், சர்வர் வாங்க மாட்டேன் என்றது.

பக்கத்துச் சிஸ்டத்தில் இருந்தவன் சண்டைக்குப் போனான். "அக்கா, அது என் தங்கச்சி கல்யாண வீடியோக்கா."

"இருக்கட்டும் தம்பி."

"ஒரு தடவ ஓட்டிப் பாருங்க. நீங்களே விட்ருவீங்க."

"அதான் பாக்குறதில்ல," என்றார் அக்கா. "உள்ள என்ன இருக்குன்னு பாக்க ஆரம்பிச்சா எல்லாத்துலயும் ஒரு நியாயம் இருக்கும். அப்புறம் எதையுமே தடுக்க முடியாது. எனக்கு என்ன வகைன்னு தெரிஞ்சாப் போதும்."

அக்காவை ஒரே வரியில் சொல்ல வேண்டுமென்றால் இந்த வரியைத்தான் சொல்வேன். வகையைப் பார்ப்பார், உள்ளே பார்க்க மாட்டார். முதலாளியின் மைத்துனர் தன் ஃபோல்டருக்கு மட்டும் விலக்கு கேட்டார். அக்கா கிடையாது என்றுவிட்டார். மனிதர்களிடமும் அப்படித்தான். மத்தியானம் சாப்பிடும்போது பேச்சு அவர் வீட்டுப் பக்கம் திரும்பினால் டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்துபோவார். நல்லதைக் கேட்கிறோமா கெட்டதைக் கேட்கிறோமா என்று பார்ப்பதே இல்லை. வீட்டுப் பேச்சு, அவ்வளவுதான். அது உள்ளே வரக்கூடாத வகை.

இன்னொரு பிடிவாதமும் இருந்தது. ஏற்கெனவே உள்ளே கிடக்கும் எதையும் அழிக்க மாட்டார். "அழிக்கிறது கடைக்காரவுக வேலை. புதுசா வர்றதத் தடுக்குறதுதான் என் வேலை," என்பார். அதனால் பழைய பாட்டுகள் அப்படியே இருந்தன. நாங்கள் அவற்றையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

வீட்டுப் பேச்சை அவர் ஏன் மூடினார் என்பது கடையில் எல்லோருக்கும் தெரியும். அவர் கணவர் திண்டுக்கல் ரோட்டில் வண்டியில் வரும்போது லாரி தட்டி விழுந்தவர். உயிர் பிழைத்தார், நினைவு திரும்பவில்லை. விளாங்குடி வீட்டு முன்னறையில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். அக்கா வேலைக்கு வரும் நேரத்தில் பக்கத்து வீட்டம்மா பார்த்துக்கொள்வார். கணவரின் அண்ணனும் தம்பியும் சோழவந்தான் பக்கம் வயல் வைத்திருப்பவர்கள். குழாயை எடுத்துவிடலாம், போகிற உயிர் நிம்மதியாகப் போகட்டும் என்று அவர்கள் சொல்ல, அக்கா முடியாது என்று சொல்ல, வருஷக்கணக்கில் அது நடந்துகொண்டிருந்தது. ஒருமுறை அண்ணன்காரர் கடை வாசலுக்கே வந்துவிட்டார்.

"எம்புட்டு நாளைக்குத்தா இப்படி? அவன் பட்டது போதாதா?"

"வேலை நேரத்துல பேச வேணாம் மாமா," என்றார் அக்கா. அவர் போன பிறகும் அன்று முழுவதும் அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை.

இப்போது எங்கள் தொழிலில் உள்ள ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். வெளியூர்க்காரர்கள் கேட்டால் முகம் சுளிப்பார்கள். மதுரையில் ஒரு சாவு விழுந்தால் உடல் வீட்டை விட்டுக் கிளம்புவதற்குள் தெருமுனையில் போஸ்டர் ஒட்டியிருக்க வேண்டும். பிந்தினால் குடும்பத்துக்குக் கௌரவக் குறைச்சல். அதனால் ஆஸ்பத்திரியில் ஆள் இழுத்துக்கொண்டிருக்கும்போதே சொந்தக்காரர் யாராவது போட்டோவோடு வந்துவிடுவார். நாங்கள் விளக்கு, மாலை, வெள்ளைச் சட்டை எல்லாம் போட்டு டிசைனை முடித்துவைப்போம். தோற்றம் என்ற இடத்தில் தேதி இருக்கும். மறைவு என்ற இடம் காலியாக இருக்கும். பெயரோடு 'வெயிட்டிங்' என்று சேர்த்து சேவ் செய்துவிடுவோம். போன் வந்தால் தேதியைப் போட்டு அச்சுக்கு அனுப்ப வேண்டியதுதான். இதில் வஞ்சம் ஒன்றும் கிடையாது. கல்யாணத்துக்கு முன்கூட்டியே மண்டபம் பிடிப்பதில்லையா, அந்த மாதிரி.

ஒருநாள் அக்கா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நெறைய ஃபைல்ல வெயிட்டிங் வெயிட்டிங்னு வருதே, அது என்ன?" என்றார். வாயால் சொல்லியிருக்கலாம். நான் ஃபோல்டரைத் திறந்துகாட்டினேன். எங்கள் சிஸ்டத்தில் ஃபோல்டரைத் திறந்தால் ஒவ்வொரு டிசைனும் சின்னப் படமாக வரிசையாகத் தெரியும். மாலை போட்ட முகங்களாகத் திரை முழுவதும் நிறைந்தது. வழக்கத்தை விளக்கிக்கொண்டே போன நான், அக்காவிடமிருந்து ஒரு 'ம்' கூட வரவில்லையே என்று திரும்பிப் பார்த்தேன்.

அவர் ஒரு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மேல் வரிசையில் ஓர் ஓரம். எனக்கு அந்த முகம் தெரியாது. பெயரைப் படித்ததும் அக்காவின் கணவர் என்று தெரிந்துவிட்டது. விபத்து நடந்த சமயத்தில் அண்ணன் தம்பிகள் வந்து எங்கள் கடையில்தான் சொல்லிவைத்திருக்கிறார்கள். அது நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தின கதை.

"அக்கா, நான் இப்பவே அழிச்சிர்றேன்."

"தொடாத," என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அழிச்சா அழிச்சதுன்னு ஆயிரும்."

டீ வந்தது. குடித்தார். பிறகு அறைக்குள் போய் ஒரு ரூல் போட்டார். பெயரில் வெயிட்டிங் என்று இருக்கும் எதையும் சர்வர் வாங்கக் கூடாது. முதலாளி குதித்தார். "யாரக் கேட்டும்மா போட்ட? எந்தொழிலு அது!" அக்கா ஆணியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்த வார்த்தையை எடுத்துவிட்டு வேறு பெயரில் சேவ் செய்தால் சர்வர் வாங்கிக்கொள்ளும் என்று நான் முதலாளியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவரும் சரி போகட்டும் என்று விட்டுவிட்டார். அப்படித்தான் செய்திருப்போம். செய்ய முடியாமல் போய்விட்டது.

மறுநாள் வந்த முதல் வெயிட்டிங் ஒரு ரிட்டயர்டு பஸ் டிரைவர். பழக்க தோஷத்தில் நான் அதே பெயரில் சேவ் கொடுத்தேன், சர்வர் வாங்கவில்லை. சாப்பிட்டு வந்து பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று எழுந்துபோனேன். திரும்பி வந்தால் அவர் மகன் வாசலில் நிற்கிறான். "அண்ணே, அப்பா கண்ணு முழிச்சிட்டாரு. அந்த டிசைனத் தூக்கிருங்க." நாங்கள் சிரித்தோம். அடுத்த வாரம் கீழமாசி வீதிப் பக்கம் ஓர் அம்மா. வாங்கவில்லை. அந்த அம்மாவும் வீடு திரும்பிவிட்டார். அப்போது யாரும் சிரிக்கவில்லை. மூன்றாவதாக ஒன்று வந்தபோது, பெயரை மாற்றிச் சேவ் செய்யச் சொன்ன முதலாளியிடம், "நீங்களே வந்து அமுக்குங்க முதலாளி," என்றேன். அவர் மவுஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போன் வந்ததுபோல வெளியே போய்விட்டார்.

எனக்கு இந்த விஷயங்களில் நம்பிக்கை கிடையாது. ரூல் போட்டது யார், எப்போது, எதற்கு என்று எல்லாமே எனக்குத் தெரியும். ஆனாலும் உயிரோடு இருக்கும் ஒருவரின் ஃபைல் பெயரை மாற்றிவிட்டு அந்த பட்டனை அமுக்க என் விரல் வரவில்லை. பயமாகத்தான் இருந்தது.

அப்புறம், பெட்டி வாங்காவிட்டால் ஆள் பிழைத்துவிடுவார் என்ற பேச்சு வெளியே கசிந்தது. கோயிலில் பூப் போட்டு வாக்குக் கேட்பது போல ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். கையில் போட்டோ. "டிசைன் வேணாம் தம்பி, சும்மா சேவ் போட்டுப் பாருங்க, வாங்குதான்னு." போடுவேன். வாங்காது. எப்படி வாங்கும்? எல்லாப் போட்டோவுக்கும் அதே ரூல், அதே பதில். அது அவர்களுக்கும் ஓரளவு தெரியும். இருந்தாலும் அந்தச் சின்னக் கட்டம் திரையில் வந்ததும் ஒரு பெருமூச்சு விடுவார்கள் பாருங்கள், அதைக் கேட்ட பிறகு எந்த விளக்கமும் சொல்லத் தோன்றாது. எனக்கு டிசைனர் சம்பளம், குறி சொல்லும் கோடாங்கி வேலை. அவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள், எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்று தெரியாது. பிழைக்காதவர் வீட்டிலிருந்து யாரும் எங்களிடம் திரும்பி வரவில்லை. போஸ்டரை வேறு கடையில் அடித்துக்கொண்டார்கள்.

அக்காவிடம் சொன்னேன், கண்டிப்பார் என்று எதிர்பார்த்து. "நான் வகையத்தான தடுத்தேன். ஆளத் தடுக்கல," என்றார். அறைக்குள் போகத் திரும்பியவர் நின்று, "பொழச்சாங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து வரும் என்று நான் நினைக்கவே இல்லை. சிலர் பிழைத்தார்கள் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

அக்கா கோபப்பட்டு நான் பார்த்தது ஒரே ஒரு முறை. புதிதாகச் சேர்ந்த டிசைனர் ஒருத்தி மாதிரிக்கு ஒரு பழைய டிசைனைத் தேடியபோது தெரியாமல் அவர் கணவரின் ஃபைலைத் திறந்துவிட்டாள். எங்கள் சாஃப்ட்வேர் திறந்திருக்கும் டிசைனைத் தானாகவே அவ்வப்போது ஒரு நகல் எடுக்கும். அந்த நகலின் பெயரிலும் வெயிட்டிங் இருந்தது. சர்வர் வாங்கவில்லை. ஒவ்வொரு முறை வாங்காதபோதும் அந்த ஃபைலின் பெயரோடு அக்கா போனுக்குத் தகவல் போகும்படி வைத்திருந்திருக்கிறார், அது எங்களுக்குத் தெரியாது. அன்று தல்லாகுளம் ஆபீஸில் இருந்தவர், டீ ஆறுவதற்குள் ஆட்டோவில் வாசலில் வந்து இறங்கினார். செருப்போடு உள்ளே வந்தார்.

"யாரு தொட்டது?"

அந்தப் பெண் அழுதுவிட்டாள். அக்கா அவள் கையைப் பிடித்து மவுஸிலிருந்து எடுத்து அவள் மடியில் வைத்தார். பிறகு அங்கிருந்தே வீட்டுக்குப் போன் போட்டு, "மூச்சு வருதாக்கா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க," என்று பக்கத்து வீட்டம்மாவிடம் கேட்டார். வருகிறது என்று பதில் வந்த பிறகுதான் உட்கார்ந்தார். எதையும் உள்ளே பார்க்க மாட்டேன் என்றிருந்த மனுஷி எங்கே போய் நிற்கிறார் என்று யோசித்தேன். பாவமாக இருந்தது.

கடைசியாக நான் அவரைப் பார்த்தது ஒரு மத்தியான வேளை. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அக்கா வந்து என் பக்கத்தில் நின்றார். ஆள் பாதியாகியிருந்தார். கணவருக்கு முதுகில் புண் வந்துவிட்டது, குழாய் மாற்றும்போதெல்லாம் அவர் முகம் கோணிக்கொள்கிறது என்று, நான் கேட்காமலே, வீட்டுப் பேச்சைத் தானாகவே பேசினார்.

"மாமாவும் கொழுந்தனும் வாராங்க தம்பி. அந்தப் பெட்டியில போட்டுப் பாக்கணுமாம். வாங்குனா குழாய எடுக்கச் சம்மதிக்கணும்னு எங்கிட்டக் கேட்டாங்க. ரூல எடுத்துட்டுத்தான் போடணும்னு சொல்றாங்க. நியாயந்தான?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னுட்டேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும் முடியல தம்பி. அவரு படுறதப் பாக்க முடியல. நாந்தான் விடாமப் பிடிச்சு வச்சிருக்கேன். இன்னைக்கு வாங்கிரும். வாங்கட்டும்."

அவர்கள் வந்தார்கள். அண்ணன்காரர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார், தம்பிக்காரர் சுவரோரம். அக்கா எல்லோர் கண் முன்னாலும் அந்த ரூலை எடுத்தார். "எடுத்துட்டேன்னு நாங்க எப்படி நம்புறது?" என்றார் தம்பிக்காரர். நான் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, வெயிட்டிங் என்று பெயர் கொடுத்து, சேவ் போட்டேன். உடனே வாங்கிக்கொண்டது. அந்தப் பெயரை அது வாங்கிப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. இத்தனை பேருக்கு இல்லை என்று சொன்ன வாசல் இப்போது திறந்து கிடந்தது.

"இனி அவுகளதப் போடு," என்றார் அக்கா.

ஃபைலைத் திறந்தேன். இரண்டு பக்கமும் விளக்கு, நடுவில் சிரித்த முகம், மறைவு என்ற இடம் காலி. சேவ் கொடுத்தேன். ஒரு கணம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு அந்தச் சின்னக் கட்டம் வந்தது. சேமிக்க அனுமதி இல்லை.

"என்னத்தா இது?" என்றார் அண்ணன்காரர்.

"மறுபடி போடு தம்பி."

போட்டேன். வாங்கவில்லை. வெற்றுப் பக்கத்தைப் போட்டால் வாங்கியது. இதைப் போட்டால் இல்லை என்றது. அண்ணன்காரர் பின்னாலேயே நகர்ந்து வாசலுக்குப் போய்விட்டார். "போதும்டா, வா," என்று தம்பியைக் கூப்பிடும் குரல் மட்டும் கேட்டது. அவர்கள் கிளம்பிப் போகும் வரை அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

காரணம் ஏதாவது இருந்திருக்கும். அந்த ஃபைல் வேறொரு சிஸ்டத்தில் திறந்தபடி கிடந்திருக்கலாம். பழைய ஃபைல், பூட்டு விழுந்திருக்கலாம். எனக்கு இரண்டு காரணம் தோன்றினால் அக்காவுக்கு இருபது தோன்றியிருக்கும். அந்தப் பெட்டியைப் பிரித்துப்போட்டு விடிய விடிய ஆராயக்கூடியவர் அவர். அன்று அவர் எதையும் தேடவில்லை.

"நான் எடுத்துட்டேன் தம்பி. சத்தியமா எடுத்துட்டேன்."

"தெரியும்க்கா. நானும் பாத்தேன்ல."

"அப்ப இது நான் இல்ல." அவர் திரைப் பக்கம் கையை நீட்டினார். "இம்புட்டு நாளும் பிடிச்சு வச்சிருக்கது நான்னுல்ல நெனச்சேன்."

என்னை எழச் சொல்லிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தார். திரையில் அந்த முகம் பெரிதாக இருந்தது. ஏதோ கல்யாண வீட்டில் எடுத்த போட்டோ போலிருக்கிறது, பக்கத்தில் நிற்கும் யாரையோ பார்த்துச் சிரிக்கிறார். டிசைன் போட்டவன் அந்த ஆளை வெட்டி எடுத்திருந்தான். தோள் ஓரத்தில் ஒரு சேலைக் கரை கொஞ்சம் மிச்சமிருந்தது. அக்கா வெகுநேரம் பார்த்தார். பார்த்து முடித்து, நான் ஒருவன் அங்கே நிற்பதையே மறந்தவராக, படத்தோடு பேசினார்.

"சரிங்க. இருங்க," என்றார். "போறீங்களான்னு நான் இனிமே கேக்கல."